பஸ் காசு டின்

எங்கள் வீட்டு விறாந்தையில், தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு பழைய பால்மா டின் இருக்கிறது. மூடியில் கத்தியால் கீறிய ஒரு பிளவு. பக்கத்தில் ஒட்டிய கடதாசியில் நீல மையினால் ‘பஸ் காசு’ என்ற இரண்டு சொற்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் யாருடைய பஸ்ஸுக்கு என்று கேட்பார்கள். மார்பகப் புற்றுநோய்க்கு மருந்து எடுக்கப் போகிற பெண்களுடைய பஸ்ஸுக்கு என்று சொன்னதும் ஒரு கணம் பேச்சு நின்றுவிடும். பிறகு பெரும்பாலும் கைப்பை திறக்கும். சில வேளைகளில் கைப்பை திறப்பதற்கு முன்னரே குரல் தணிந்து, “எனக்கும் இதில ஒண்டு தட்டுப்படுகுது அக்கா, காட்டவேணுமோ?” என்ற கேள்வி வரும். திருகோணமலையில் நாங்கள் பதினெட்டுப் பெண்கள் சேர்ந்து செய்துவரும் வேலை அவ்வளவுதான்: அந்தக் கேள்வி வருவதற்கு இடம் வைத்திருப்பதும், வந்த பிறகு பஸ் ஏற்றிவிடுவதும்.

இது தொடங்கிய கதையைச் சொல்வதென்றால் என் சின்னம்மாவில் தொடங்கவேண்டும். 1998 ஆம் ஆண்டு அவருடைய இடது மார்பில் ஒரு கட்டி வந்தது. அது நோகவில்லை. நோகாத ஒன்றுக்காக ஏன் டொக்டரிடம் போகவேண்டும் என்று அவர் பத்துப் போட்டுப் பார்த்தார், நேர்த்தி வைத்தார், பதினொரு மாதங்கள் ஒருவருக்கும் சொல்லவில்லை. தோல் உடைந்து நீர் கசியத் தொடங்கிய பின்னர்தான் என் அம்மாவிடம் வாய் திறந்தார். யுத்த காலம். எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்த ஒரே புற்றுநோய் மருத்துவமனை மகரகமவில் இருந்தது. சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி அங்கே போய்ச் சேர்ந்தபோது செய்வதற்கு அதிகம் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. அடுத்த தை மாதம் அவர் இறந்தார்.

அந்தியேட்டி முடிந்த அன்று பின்னேரம், சின்னம்மாவுக்குச் சட்டை தைக்கிற அக்கா என்னைக் கிணற்றடிப் பக்கம் கூப்பிட்டார். “அவ ஒரே சட்டையை ரெண்டு தரம் கொண்டு வந்தவ, பிள்ளை. இடப்பக்கத்தை மட்டும் கொஞ்சம் தளர்த்தி விடச் சொல்லி. எனக்கு ஏதோ விளங்கினது. ஆனா என்னெண்டு கேக்கிறது? வாய் வரேல்ல” என்றார். அப்போது எனக்கு அவர் மீது வந்த கோபம் நியாயமானதல்ல என்று இன்று தெரியும். கேட்பதற்கு அவரிடம் சொல் இருக்கவில்லை. எங்கள் பேச்சில் இதற்கு ‘அந்த வருத்தம்’ என்று மட்டுமே பெயர். மார்பு என்ற சொல்லைப் பெண்கள் பெண்களுக்குள்ளேயே சத்தமாகச் சொல்வதில்லை.

நான்கு வருடங்களுக்கு முன்னர் ஓர் ஒக்டோபரில், நாங்களும் எல்லோரும் செய்வதைத்தான் செய்தோம். ஒக்டோபர் மாதத்தை மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதமாகக் கொள்ளும் வழக்கம் 1985 இல் அமெரிக்காவில் தொடங்கியது. திருகோணமலையில் அது வாடைக்காற்று மழை ஆரம்பிக்கும் நேரம் என்பதை அங்கிருந்தவர்கள் யோசித்திருக்கமாட்டார்கள். டச்சுக் குடாக் கடற்கரையிலிருந்து ஊர்வலம். இளஞ்சிவப்பு ரீசேர்ட், இளஞ்சிவப்புப் பதாகை, தலையில் இளஞ்சிவப்பு கிரேப் கடதாசிப் பூ. பதாகையில், உலகம் முழுவதும் ஒரு வருடத்தில் 23 இலட்சம் பெண்களுக்கு இந்நோய் கண்டறியப்படுகிறது என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தோம். உலக சுகாதார நிறுவனத்தின் எண், சரியான எண். பாதி வழியில் மழை பிடித்தது. கிரேப் கடதாசியின் சாயம் வடிந்து எல்லோருடைய கழுத்திலும் ஓடியது. நனைந்த கோழிகளைப் போல வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தோம். சேர்ந்த பணம் 86,000 ரூபாய். ரீசேர்ட்டுக்கும் பதாகைக்கும் ஒலிபெருக்கிக்கும் சிற்றுண்டிப் பொதிக்கும் போனது 71,000.

மிச்சம் 15,000 ரூபாயை என்ன செய்வது என்று பேசிக்கொண்டிருந்தபோது, எங்களோடு நடந்து நனைந்த ஒரு பெண் தயங்கித் தயங்கிச் சொன்னார்: வெருகல் பக்கத்திலிருக்கும் தன் தங்கை இரண்டு முறை மருந்து ஏற்றுகிற திகதியைத் தவறவிட்டிருக்கிறாள், பஸ்ஸுக்குக் காசு இல்லை, துணைக்கு ஆளும் இல்லை. மார்பகப் புற்றுநோய்க்காக அன்று நாங்கள் தெருவில் கத்திக்கொண்டு போன எந்த வாசகத்துக்கும் அந்தத் தங்கையோடு ஒரு தொடர்பும் இருக்கவில்லை. அடுத்த நாளே பால்மா டின்னைக் கழுவிக் காயவைத்தேன்.

மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வின் சின்னமாகக் குத்திக்கொள்கிற இளஞ்சிவப்பு நாடாவை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதன் பிறப்பைப் பற்றி வாசித்தபோது, அது எங்கள் டின்னுக்கு உறவுக்காரி என்றுகூடத் தோன்றியது. கலிபோர்னியாவில் சார்லட் ஹேலி என்ற மூதாட்டி தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்து இளஞ்செம்மஞ்சள் நிற நாடாக்களைத் தானே வெட்டி, ஒரு சிறு அட்டையோடு சேர்த்துக் கடைகளிலும் தெரிந்தவர்களிடமும் கொடுத்துவந்தார். அரசாங்கப் புற்றுநோய் நிறுவனத்தின் வருடாந்த வரவுசெலவில் ஐந்து வீதமே நோயைத் தடுப்பதற்குச் செலவாகிறது என்று அந்த அட்டை சொன்னது. 1992 இல் ஒரு பெரிய பெண்கள் சஞ்சிகையும் ஒப்பனைப் பொருள் நிறுவனமும் அந்த நாடாவைக் கேட்டன. இது வியாபாரமாகிவிடும் என்று அவர் மறுத்துவிட்டார். நிறத்தை மாற்றிக்கொண்டால் அவருடைய அனுமதி தேவையில்லை என்றானது. அப்படி வந்ததுதான் இளஞ்சிவப்பு. பணம் எங்கே போகிறது என்று கேட்பதற்காகத் தொடங்கிய நாடா அது என்பதை, அதைக் குத்திக்கொள்கிற நாங்கள் மறந்துவிட்டோம்.

பணம் எங்கே போகவேண்டும் என்று இங்கே கேட்டால் விடை பெரும்பாலும் தூரம்தான். அரச மருத்துவமனைகளில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. ஆனால் திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புப் போதனா மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவுக்கு ஏறத்தாழ 130 கிலோமீற்றர். மகரகமவுக்கு அதைப்போல இருமடங்கு. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை ‘பாதை’ என்கிற மிதவைப் படகில் ஏறிக் கடந்தவர்கள் நாங்கள் என்பதால் இப்போது வீதி நல்லது என்று சொல்லிக்கொள்கிறோம். மருந்து ஏற்றிய உடம்போடு, குமட்டலை அடக்கிக்கொண்டு, நின்றபடி பஸ்ஸில் வருகிறவளுக்கு அது அவ்வளவு நல்ல வீதி அல்ல. மருந்து ஏற்றுவது பலருக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை. கதிர்ச் சிகிச்சை என்றால் வாரத்தில் ஐந்து நாளாக மூன்று வாரம், சிலருக்கு ஐந்து வாரம். நாளுக்குச் சில நிமிட வேலை, ஆனால் போய்வருவது முடியாத காரியம், அங்கேயே தங்கவேண்டும். வீட்டில் சின்னப் பிள்ளைகளையும் ஆட்டையும் விட்டுவிட்டு ஒரு மாதம் எங்கே தங்குவது? பலர் இடையில் நிறுத்துவதற்குப் பயத்தைக் காரணமாகச் சொல்வார்கள். கொஞ்சம் தோண்டினால் அறை வாடகை வெளியே வரும்.

எங்கள் டின் நிரம்புகிற வழிகளில் பெருமைப்படும்படி ஒன்றுமில்லை. பதினெட்டுப் பேரும் ஒரே சீட்டில் இருக்கிறோம். சீட்டு விழுகிறவள் அதிலிருந்து 500 ரூபாயை டின்னில் போட்டுவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொண்டு போவாள். சீட்டுத் தாச்சியாக இருக்கும் மாமி கண்டிப்பானவர் என்பதால் இது ஒருநாளும் தவறியதில்லை. பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுகிற வீடுகளில் ஒரு கிலோ குறைத்து வாங்கி அந்தக் காசைத் தருகிறார்கள். மீன்காரரிடம் மிச்சக்காசு வாங்கி நேரே டின்னில் போடுகிற பழக்கம் எங்கள் ஒழுங்கையில் பரவி, இப்போது மீன்காரரே விறாந்தையில் ஏறிப் போட்டுவிட்டுப் போகிறார். பத்திரகாளி அம்மன் கோவில் திருவிழா நாட்களில் அவித்த கடலை விற்போம். கனடாவிலிருந்தும் காசு வருகிறது. சில வேளைகளில் அதோடு, “நோயாளிகளின் படம் அனுப்புங்கோ, முகநூலில போட்டால் இன்னும் சேர்க்கலாம்” என்ற செய்தியும் வருகிறது. படம் அனுப்புவதில்லை. கிளினிக் கொப்பியைப் பார்த்தோம், பஸ் ரிக்கற்றை ஒட்டி வைத்திருக்கிறோம், நம்பிக்கை இருந்தால் அனுப்புங்கள் என்று எழுதுவோம். நம்புகிறவர்கள் அனுப்புகிறார்கள்.

பெரிய அளவில் இதே வேலையைச் செய்தவர்களும் உண்டு. 2011 இல் இரண்டு நண்பர்கள் முன்னின்று, தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றரை 27 நாட்களில் நடந்து, வழிநெடுக மக்கள் வந்து சேர்ந்து நடக்க, தெல்லிப்பழையில் ஒரு புற்றுநோய் மருத்துவமனைக்குப் பணம் திரட்டினார்கள். அந்த மருத்துவமனை எழுந்தது. யுத்தம் முடிந்து இரண்டே வருடத்தில் தெற்கிலிருந்து நடந்து சேர்த்த காசு பிறகு வடக்கில் கட்டடமானதை, என் சின்னம்மாவின் வயதொத்த பெண்கள் அங்கே வரிசையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த அன்றுதான் நான் உணர்ந்தேன். 2016 இல் அதே வழியைத் திரும்பி நடந்து காலிக்குப் பக்கத்தில் கராப்பிட்டிய மருத்துவமனைக்குத் திரட்டினார்கள். அவர்களுக்குக் கட்டடம், எங்களுக்குக் கட்டடத்தின் வாசல்வரை போகிற பஸ்.

காசைவிடத் தட்டுப்பாடானது துணை. கூடப் போகிறவரின் வேலை தோளில் சாய்த்து ஆறுதல் சொல்வதல்ல. ரிப்போர்ட்டுகளைத் திகதி வரிசையில் அடுக்கி வைத்திருப்பது, டொக்டர் சொல்வதை அங்கேயே கொப்பியில் எழுதுவது, அடுத்த திகதியைக் கேட்டு உறுதிப்படுத்துவது, சிகிச்சை எடுத்த பக்கத்துக் கையில் பாரம் தூக்க விடாமல் பையை வாங்கிக்கொள்வது. மகரகமவுக்குப் போவதென்றால் சிங்களமும் தெரியவேண்டும். எங்கள் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியை ஒருவர் இருக்கிறார். கேட்கவேண்டிய கேள்விகளை எல்லாம் முதல்நாள் இரவே சிங்களத்தில் எழுதிக் கொடுப்பார், பக்கத்தில் தமிழையும் எழுதி. அந்தத் தாளைக் காட்டினால் வேலை நடக்கிறது. ஒருமுறை அவரே கூடப் போய் மூன்று நாள் தங்கி வந்தார், பஸ் காசை வாங்க மறுத்துவிட்டார். தாச்சி மாமி விடவில்லை, கணக்குக் கணக்குத்தான் என்று கையில் திணித்துவிட்டார்.

கணக்கு விடயத்தில் நான் செய்த ஒரு பிழையையும் சொல்லிவிடுகிறேன். வரவுசெலவுக் கொப்பியை யாரும் பார்க்கலாம் என்று ஆணியில் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். ஓர் அவசரத்தில், பணம் பெற்றுக்கொண்டவரின் பெயரை முழுதாக எழுதிவிட்டேன். சட்டை தைக்கக் கொடுக்க வந்த ஒருவர் அதை வாசித்தார். இரண்டு நாளில் அந்தப் பெண்ணின் மகளுக்குப் பேசிக்கொண்டிருந்த கலியாண இடம்வரை செய்தி போய்விட்டது. அவர் மூன்று வாரம் எங்கள் பக்கம் வரவில்லை, ஒரு திகதியும் தவறியது. போய் மன்னிப்புக் கேட்டேன். அதன்பிறகு கொப்பியில் எண்கள் மட்டுமே. இங்கே எழுதுவதையும் சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

தையல் அக்காமாரிடம் போகலாம் என்ற யோசனை எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தருடையது. சின்னம்மாவின் சட்டைக் கதையை அவருக்குச் சொல்லியிருந்தேன். “அப்ப உங்களுக்கு முதலே கண்டுபிடிக்கிற ஆக்கள் இருக்கினம் தானே, அவையிட்ட ஏன் இன்னும் போகேல்ல?” என்றார். உண்மைதான்: வருடத்துக்கு வருடம் ஒரு பெண்ணின் மார்பளவைக் கொப்பியில் எழுதி வைத்திருப்பவர் டொக்டர் அல்ல, தையற்காரி. இரண்டு பக்கமும் கொஞ்சம் வித்தியாசமாக இருப்பது எல்லோருக்கும் இயல்பு. போன வருடம் இல்லாமல் இந்த வருடம் புதிதாக வந்த வித்தியாசம் என்றால் காட்டவேண்டும். அதைக் கவனிப்பதற்கு அளவுக் கொப்பியைவிட நல்ல ஆவணம் ஊரில் இல்லை. உவர்மலை, பாலையூற்று, சாம்பல்தீவு, கிண்ணியா என்று பதினான்கு வீடுகளுக்குப் போனோம்.

என்ன சொல்வது என்பதில்தான் ஒரு வருடம் போனது. துண்டுப்பிரசுரத்தில் இருந்த வசனங்களைச் சொல்லிப் பார்த்தபோது தையல் அக்காமார் சிரித்தார்கள், கடைசியில் அவர்களே ஒன்றைச் செய்துகொண்டார்கள்: “போன முறை அளவுக்கு இது வித்தியாசமாக் கிடக்கு, ஒருக்கா மிஸ்ஸியிட்டக் காட்டுங்கோவன்.” இதில் நோயின் பெயர் இல்லை, பயமும் இல்லை. கிண்ணியாவில் ஒரு ராத்தா இன்னும் ஒரு படி மேலே போனார். பெருநாளுக்குச் சட்டை தைக்க வருகிற குமர்ப் பிள்ளைகளிடம், “உம்மாட அளவும் எடுத்து ஒரு வருசமாச்சு, கூட்டி வாங்க” என்று சொல்லித் தாய்மாரை வரவழைப்பார். சட்டையும் விற்கிறது, அவர்கள் கிளினிக்குக்கும் போகிறார்கள். இதில் வியாபாரம் கலந்திருக்கிறதே என்று முகம் சுளித்த ஒருவரிடம், கலக்கட்டும் என்றேன்.

‘மிஸ்ஸியிட்டக் காட்டுவது’ என்றால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுகவனிதையர் கிளினிக். 1996 முதல் நாட்டில் நடந்துவருகிறது, காசு இல்லை. 35 வயதுப் பெண்களை முதன்மையாக அழைத்தாலும் மற்றவர்களும் போகலாம். இரத்த அழுத்தம், சீனி, கருப்பைக் கழுத்துப் பரிசோதனையோடு மார்பையும் பார்ப்பார்கள். சந்தேகம் இருந்தால் மருத்துவமனைக்குத் துண்டு எழுதித் தருவார்கள். அங்கே கையால் பார்ப்பது, ஸ்கேன் அல்லது மமோகிராம், ஊசியால் சிறிது எடுத்துச் சோதிப்பது என்று மூன்றும் சேர்ந்துதான் முடிவு. ஊசி குத்தினால் நோய் பரவும், கத்தி பட்டால் பரவும் என்பது எங்கள் ஊரில் அசைக்கமுடியாத நம்பிக்கை. அது பிழை. பரவிய பிறகே கத்தியிடம் போனவர்களைப் பார்த்துப் பார்த்து வந்த நம்பிக்கை அது. என் சின்னம்மாவும் அதற்கு ஒரு சாட்சியாக எண்ணப்பட்டிருப்பார். மார்பில் வருகிற கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல என்பதையும் அதே மூச்சில் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் பயத்தில் யாரும் போகமாட்டார்கள்.

கிணற்றடியில் குறுக்குக்கட்டோடு குளித்து வளர்ந்தவர்கள் நாங்கள். சேலையை மாற்றும்போதுகூட நனைந்ததற்கு மேல் காய்ந்ததைச் சுற்றி உள்ளே இருப்பதைக் கழற்றுகிற கலை எங்களுக்குத் தெரியும். எங்கள் உடம்பை நாங்களே முழுதாகப் பார்த்தது கிடையாது. ஆகவே ஒரு சனிக்கிழமை குடும்பநல உத்தியோகத்தர் விறாந்தைக் கதவைச் சாத்திவிட்டு, பஞ்சு அடைத்த துணி உருவம் ஒன்றை மேசையில் வைத்தார். உள்ளே ஒரு காய்ந்த கடலையை ஒளித்திருந்தார். கண்டுபிடியுங்கள் என்றார். எல்லோரும் விரல் நுனியால் பிடித்துப் பிடித்துப் பார்த்தோம், அகப்படவில்லை. பிறகு காட்டித் தந்தார்: நடு மூன்று விரல்களையும் தட்டையாக வைத்து, நுனியால் அல்ல உட்பக்கத்தால், சிறு வட்டமாக அழுத்தி, முதலில் மெதுவாக, பிறகு கொஞ்சம் ஆழமாக, பிறகு விலா எலும்பு தெரிகிற அளவுக்கு, கழுத்துக்குக் கீழுள்ள காறை எலும்பிலிருந்து மார்பின் அடிவரை, அக்குள் வரை, ஓரிடமும் விடாமல். சவர்க்காரம் போட்ட கைக்கு இன்னும் நன்றாகத் தெரியும். மூன்றாவது சுற்றில் கடலை என் விரலுக்குக் கீழே உருண்டது. அந்த உருளலை நான் இன்னும் மறக்கவில்லை. மாதவிலக்குத் தொடங்கி ஏழு முதல் பத்து நாளுக்குள் பார்ப்பது நல்லது. நின்றுபோனவர்கள் மாதத்தில் ஒரு திகதியை வைத்துக்கொள்ளலாம். கண்ணாடியில் பார்க்கும்போது தோல் தோடம்பழத் தோலைப் போலக் குழிகுழியாக இருந்தாலோ, முலைக்காம்பு புதிதாக உள்ளே இழுத்திருந்தாலோ, இரத்தம் கசிந்தாலோ கட்டி இல்லையென்றாலும் போகவேண்டும். இப்படிப் பார்த்துவிட்டால் கிளினிக் தேவையில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது என்று அவர் இரண்டு முறை சொன்னார்.

அந்தத் துணி உருவம்தான் எங்கள் அடுத்த வேலைக்கு வித்து. சத்திரசிகிச்சையில் ஒரு மார்பை எடுத்தவர்கள் உள்ளாடைக்குள் கைக்குட்டையையும் பழைய துணியையும் சுருட்டி வைக்கிறார்கள். அது நழுவி மேலே ஏறும், பஸ்ஸில் எட்டிப் பிடிக்கக் கையைத் தூக்க அவர்களுக்குத் தயக்கம். கடையில் விற்கும் சிலிக்கன் உருவம் எங்கள் டின்னுக்கு எட்டாத விலை. மெல்லிய பருத்தித் துணியில் நாங்களே தைக்கத் தொடங்கினோம். புண் ஆறும்வரை பஞ்சு மட்டும் போதும். ஆறிய பிறகு மற்றப் பக்கத்துக்கு ஈடாகக் கொஞ்சம் பாரம் வேண்டும், இல்லாவிட்டால் தோள் ஒரு பக்கம் சாய்ந்து முதுகு நோகும். முதலில் குரக்கன் போட்டுத் தைத்தோம். திருகோணமலை வெயிலில் வியர்வை ஊறி, இரண்டு மாதத்தில் வண்டு பிடித்து, கொண்டுபோனவர் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் வைத்தபோது எல்லோரும் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட்டோம், அவர்தான் முதலில் சிரித்தவர். மீன்பிடி வலையில் கட்டுகிற ஈயக்குண்டு போடலாம் என்றார் ஒரு கணவர். ஈயம் நஞ்சு என்று குடும்பநல உத்தியோகத்தர் தடுத்தார். இப்போது சின்னக் கண்ணாடி மணிகளைத் தனிப் பையில் தைத்து உள்ளே வைக்கிறோம். கழற்றிவிட்டு உறையைக் கழுவலாம். உள்ளாடையின் உட்பக்கத்தில் ஒரு பொக்கற் வைத்துத் தைத்தால் நழுவாது. ஒன்றுக்கும் விலை இல்லை, முடிந்தவர்கள் டின்னில் போடலாம்.

மணி வாங்குகிற கடைக்காரர், மாதாமாதம் இவ்வளவு மணியில் யாருக்கு மாலை கோக்கிறீர்கள் என்று போன மாதம் கேட்டார். கடையில் வேறு ஆட்கள் இருக்கவில்லை, சொன்னேன். நிறுத்துக்கொண்டிருந்த தராசை அப்படியே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். காசு வாங்கவில்லை. அடுத்த சனிக்கிழமை அவருடைய மனைவி வந்து, விறாந்தைக் கதவைத் தானே சாத்தினார். நான்கு வருடமாம், கைக்குட்டைதானாம். எழுதலாம் என்று அவரே சொன்னார். கடை எந்தத் தெருவில் என்று மட்டும் வேண்டாமாம். வலப்பக்கம், 38 அளவு, மாநிறத் துணி என்று கொப்பியில் எண்ணுக்கு நேரே குறித்து வைத்திருக்கிறேன். இந்தச் சனிக்கிழமை முதலில் வெட்டப்போவது அதைத்தான்.